லென்ஸைக் கழற்றாமல் தூங்கினால் பார்வைக்கே ஆபத்து! கல்யாண வீட்டாரே, காலேஜ் பிள்ளைகளே உஷார்!

திருத்தணி:

முகூர்த்த நாள் வந்துவிட்டால் திருத்தணியில் கால் வைக்க இடம் இருக்காது. வள்ளியை முருகன் கைப்பிடித்த தலம் என்பதால் இங்கே வந்து தாலி கட்டிக்கொள்ள ஆசைப்படுகிறவர்கள் ஏராளம். வேலூர், ராணிப்பேட்டை, காஞ்சீபுரம் பக்கம் இருந்தும், எல்லை தாண்டி ஆந்திராவின் நகரி, புத்தூர், சித்தூர் பக்கம் இருந்தும் வேன் பிடித்து வருகிறார்கள். முந்தின நாள் சாயங்காலம் மண்டபத்தில் வரவேற்பு. விடியற்காலையில் முகூர்த்தம். நடுவில் கிடைப்பது இரண்டு மூன்று மணி நேரத் தூக்கம்தான்.

அந்த இரண்டு மூன்று மணி நேரம்தான் இப்போது கண் டாக்டர்களுக்குக் கவலை!

காரணம், காண்டாக்ட் லென்ஸ். பட்டுப்புடவை, நகை, மேக்கப் வரிசையில் இப்போது இதுவும் சேர்ந்து கொண்டது. கண்ணாடி போடும் பெண்கள் போட்டோவில் கண்ணாடி தெரியக்கூடாது என்று பவர் லென்ஸ் போடுகிறார்கள். பவரே இல்லாதவர்கள் கூட அழகுக்காக பிரவுன், சாம்பல் நிற கலர் லென்ஸ் போட்டுக்கொள்கிறார்கள். சாயங்காலம் போட்ட லென்ஸை ராத்திரி கழற்றுவது இல்லை. கையில் மருதாணி, உடம்பெல்லாம் அசதி. "விடிஞ்சா மறுபடியும் போடத்தானே போறோம், ஒரு ராத்திரிதானே" என்று அப்படியே படுத்து விடுகிறார்கள்.

ஒரு ராத்திரி போதும் என்கிறது மருத்துவ உலகம். லென்ஸோடு தூங்கினால் கண்ணில் கிருமி தொற்றும் வாய்ப்பு பல மடங்கு எகிறுகிறது. தொற்று முற்றினால் கருவிழியில் புண் வந்து பார்வையே போகலாம்.

கல்யாண வீட்டுக்கு மட்டும் இல்லை இந்த எச்சரிக்கை. திருத்தணியில் இருந்து மின்சார ரெயிலில் ஏறி சென்னைக்கு காலேஜ், ஆபீஸ் போய் வரும் இளவட்டங்கள், போகும்போது ஒரு தூக்கம், வரும்போது ஒரு தூக்கம் போடுவது வழக்கம். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் கம்பெனிகளில் நைட் ஷிப்ட் பார்த்துவிட்டு கம்பெனி பஸ்சில் கண் அசருகிறவர்களும் உண்டு. கண்ணில் லென்ஸ் இருந்தால் அந்தக் குட்டித் தூக்கமும் கணக்கில் சேரும்.

தூங்கும்போது கண்ணில் என்ன நடக்கிறது?

கடிகார முள்ளுக்கு மேலே கண்ணாடி மூடி இருப்பது போல, நம் கண்ணின் முன்பக்கத்தில் ஒளி ஊடுருவும் ஒரு மெல்லிய படலம் இருக்கிறது. டாக்டர்கள் 'கார்னியா' என்பார்கள். நாம் கருவிழி என்கிறோம். இதன் நடுப்பகுதியின் தடிமன் சுமார் அரை மில்லிமீட்டர்தான்.

உடம்பில் மற்ற இடங்களுக்கு ரத்தம் வழியாக ஆக்சிஜன் போகிறது. கருவிழியில் ரத்தக்குழாயே கிடையாது. இருந்தால் பார்வையை மறைத்துவிடும். அதனால் தனக்கு வேண்டிய ஆக்சிஜனை வெளிக்காற்றில் இருந்து கண்ணீர் வழியாக நேரடியாக எடுத்துக்கொள்கிறது.

கண்ணை மூடித் தூங்கும்போது வெளிக்காற்று கிடைக்காது. இமையின் உட்பக்கம் உள்ள ரத்தக்குழாய்களில் இருந்து கசிந்து வருவதுதான் மிச்சம். கண் திறந்திருக்கும்போது கிடைப்பதில் சுமார் மூன்றில் ஒரு பங்கு. லென்ஸ் போடாதவர்களுக்கே தூங்கி எழுந்திருக்கும்போது கருவிழி லேசாக வீங்கித்தான் இருக்கும். கண் திறந்த கொஞ்ச நேரத்தில் அது சரியாகிவிடும்.

லென்ஸோடு தூங்கினால் கிடைக்கிற அந்தக் கொஞ்ச ஆக்சிஜனுக்கும் குறுக்கே ஒரு பிளாஸ்டிக் திரை விழுந்த மாதிரி. கருவிழி மூச்சுத்திணறி வீங்குகிறது. மேல்தோல் பலவீனமாகி நுண்ணிய கீறல் விழுகிறது. முழித்திருக்கும்போது நாம் இமைக்கிற ஒவ்வொரு தடவையும் கண்ணீர் வந்து கிருமியைக் கழுவித் தள்ளும். தூக்கத்தில் இமைப்பது இல்லை. லென்சுக்கும் கருவிழிக்கும் நடுவே கண்ணீர் குட்டை போல தேங்கி நிற்கிறது. தேங்கிய குட்டையில் என்ன வளரும் என்று சொல்லவா வேண்டும்?

உள்ளே நுழையும் வில்லன்கள்

முதல் ஆள், 'சூடோமோனாஸ்' என்கிற பாக்டீரியா. ஈரம் இருக்கும் இடமெல்லாம் இருக்கும். லென்ஸ் போடுகிறவர்களுக்கு வரும் தொற்றில் இதன் பங்கு பெரிது. மின்னல் வேகத்தில் பரவும். கவனிக்காமல் விட்டால் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் கருவிழியைக் கரைத்து ஓட்டை போடும் அளவுக்குப் போய்விடும்.

இரண்டாவது, 'அகந்தமீபா' என்கிற ஒரு செல் உயிரி. குழாய்த் தண்ணீர், கிணறு, குளம், நீச்சல் குளம், மண் என்று எங்கும் இருக்கும். லென்ஸைக் குழாய்த் தண்ணீரில் கழுவுவது, லென்ஸோடு குளிப்பது மூலம் உள்ளே வருகிறது. வந்துவிட்டால் லேசில் விடாது. கூடு கட்டிக்கொண்டு மருந்துக்குத் தப்பிக்கும். மாதக்கணக்கில் சொட்டு மருந்து விட வேண்டும். வலி தாங்க முடியாது.

மூன்றாவது, பூஞ்சை. 2006-ம் ஆண்டு உலகத்தையே கலக்கிய விவகாரம் ஒன்று உண்டு. 'பாஷ் அண்ட் லாம்ப்' கம்பெனியின் 'ரெனு வித் மாய்ஸ்சர்லாக்' என்ற லென்ஸ் திரவத்தைப் பயன்படுத்தியவர்களுக்கு 'பியூசேரியம்' என்ற பூஞ்சை தாக்கியது. சிங்கப்பூரிலும் பாதிப்பு வந்தது. அமெரிக்காவில் மட்டும் 164 பேருக்கு உறுதியானது. அதில் மூன்றில் ஒருவருக்கு கருவிழி மாற்று ஆபரேஷன் செய்ய வேண்டி வந்தது. அந்தத் திரவத்தை 2006 மே மாதம் உலகம் முழுக்க கம்பெனியே வாபஸ் வாங்கியது.

கணக்கு என்ன சொல்கிறது?

அமெரிக்காவில் 1989-ல் வெளியான ஆய்வுக் கணக்கு இது. பகலில் மட்டும் சாப்ட் லென்ஸ் போட்டவர்களில் வருடத்துக்கு 10 ஆயிரம் பேரில் சுமார் 4 பேருக்கு கருவிழிப் புண் வந்தது. ராத்திரியும் போட்டுத் தூங்கும் வகை லென்ஸ் வைத்திருந்தவர்களில் சுமார் 21 பேர்!

ஆஸ்திரேலியாவில் 2008-ல் வந்த கணக்கிலும் இதே கதை. பகலில் மட்டும் போட்டவர்களில் 10 ஆயிரத்துக்கு 2 பேர். போட்டுத் தூங்கியவர்களில் 19 பேருக்கு மேல். காற்று நன்றாகப் போகும் என்று விற்கப்படும் புது வகை 'சிலிகான் ஹைட்ரோஜெல்' லென்ஸ் போட்டுத் தூங்கினாலும் 25 பேர். ஆக, விலை கூடிய லென்ஸ் வாங்கிவிட்டோம், தூங்கலாம் என்று நினைத்தால் அது தப்புக்கணக்கு.

அமெரிக்காவின் நோய்த் தடுப்பு மையமான 'சி.டி.சி.' 2018 ஆகஸ்டு மாதம், லென்ஸோடு தூங்கிக் கெட்டுப்போன 6 பேரின் கதையை வெளியிட்டு எச்சரித்தது. அதில் ஒருவர் 59 வயது ஆண். 2 நாள் வேட்டைக்குப் போன இடத்தில் லென்ஸைக் கழற்றாமல் தூங்கினார். கண்ணில் புண் வந்தது. மருந்து விட்டுக்கொண்டிருந்தவர் ஒரு நாள் குளித்துவிட்டு துண்டால் கண்ணைத் துடைத்தார். 'பொட்' என்று ஒரு சத்தம். கருவிழி ஓட்டையாகிவிட்டது. அவசரமாக மாற்று கருவிழி வைக்க வேண்டியதாயிற்று.

லென்ஸோடு தூங்கினால் தொற்று அபாயம் 6 முதல் 8 மடங்கு கூடுகிறது என்றும், அந்த நாட்டில் லென்ஸ் போடுகிறவர்களில் சுமார் மூன்றில் ஒருவர் லென்ஸோடு தூங்குவதாகச் சொல்கிறார்கள் என்றும் அந்த அறிக்கை கூறியது.

2022-ல் கலிபோர்னியாவில் ஒரு அம்மாவின் கண்ணில் இருந்து 23 லென்சுகளை டாக்டர் ஒருவர் வரிசையாக எடுக்கும் வீடியோ உலகம் முழுக்கப் பரவியது. ராத்திரி கழற்ற மறந்து காலையில் அதன் மேலேயே புதுசு போட்டு, 23 நாள் அப்படியே போயிருக்கிறது. அவருக்குப் பார்வை தப்பியது அதிர்ஷ்டம்.

நம் நாட்டிலும் 2024 ஜூலையில் இந்தி டி.வி. நடிகை ஜாஸ்மின் பாசின் டெல்லியில் ஒரு நிகழ்ச்சிக்காக லென்ஸ் போட்டு, கண்ணில் வலி வந்தும் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு சமாளித்தார். டாக்டரிடம் போனபோது கருவிழி சேதமாகி இருந்தது. கண்ணில் கட்டுப் போட்டார்கள். அவர் லென்ஸோடு தூங்கவில்லை. சில மணி நேரத்திலேயே இந்தக் கதி.

'மாத லென்ஸ்' என்றால் மாதம் முழுக்க போடுவதா?

நிறைய பேர் ஏமாறும் இடம் இது. பெட்டியில் ஒரு மாதம் என்று போட்டிருந்தால், தினமும் ராத்திரி கழற்றி, கழுவி, திரவத்தில் ஊறப்போட்டு, ஒரு மாதம் ஆனதும் தூக்கிப் போட வேண்டும் என்று அர்த்தம். 30 நாள் கண்ணிலேயே வைத்திருக்கலாம் என்று அர்த்தம் கிடையாது. 'டெய்லி' என்று போட்டிருந்தால் ஒரே நாள்தான். ராத்திரி குப்பைத்தொட்டிக்குப் போக வேண்டும்.

ராத்திரியும் போடலாம் என்று அனுமதி பெற்ற லென்ஸ்கள் தனியாக உண்டு என்பதும் உண்மை. 1981-ல் அமெரிக்க அரசு 30 நாள் வரை தொடர்ந்து போட அனுமதி கொடுத்தது. கண் புண் அதிகமானதும் 1989-ல் அதை 7 நாளாகக் குறைத்தது. 2001-ல் சிலிகான் ஹைட்ரோஜெல் வகைக்கு மட்டும் மீண்டும் 30 நாள் அனுமதி வந்தது. ஆனால் அனுமதி இருக்கிறது என்பதற்காக ஆபத்து குறையவில்லை. மேலே சொன்ன ஆஸ்திரேலியா கணக்கே சாட்சி.

ஆபரேஷன் முடிந்த கண்ணுக்குக் கட்டு மாதிரி டாக்டரே போட்டு விடும் லென்ஸ், கிட்டப்பார்வைக்காக ராத்திரி மட்டும் போடச் சொல்லும் கெட்டி லென்ஸ் போன்றவை வேறு. அதெல்லாம் டாக்டரின் நேரடி கண்காணிப்பில் நடப்பது. பியூட்டி பார்லரில் போட்ட கலர் லென்சுக்கு அதைக் காட்டி நியாயம் பேசக் கூடாது.

கலர் லென்சும் மருத்துவப் பொருள்தான். அமெரிக்காவில் பவர் இல்லாத அழகு லென்ஸைக் கூட டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று 2005-லேயே சட்டம் போட்டுவிட்டார்கள். கண்ணின் வளைவு ஆளுக்கு ஆள் மாறும். அளவு பார்க்காமல் போட்டால் இறுக்கிப் பிடிக்கும் அல்லது உரசும். அக்கா போட்டதைத் தங்கை போடுவது, தோழி லென்ஸை ஒரு நாளுக்கு இரவல் வாங்குவது எல்லாம் கிருமியை இரவல் வாங்குவதற்குச் சமம்.

'மெட்ராஸ் ஐ' என்று ஏமாறாதீங்க!

கண் சிவந்தால் நம் ஊரில் முதலில் சொல்வது, "மெட்ராஸ் ஐ வந்திருச்சு" என்பதுதான். நேராக மெடிக்கலுக்குப் போய், "அண்ணே, கண் செவந்திருக்கு, ஒரு சொட்டு மருந்து குடுங்க" என்று வாங்கி விட்டுக்கொள்வார்கள். லென்ஸ் போடுகிறவர்கள் இப்படிச் செய்யவே கூடாது.

மெட்ராஸ் ஐ என்றால் உறுத்தும், அரிக்கும், பீளை தள்ளும், காலையில் இமை ஒட்டிக்கொள்ளும். பெரும்பாலும் பார்வை மங்காது.

கருவிழிப் புண் என்றால் வலி அதிகம். வெளிச்சத்தைப் பார்க்கவே முடியாது. தண்ணீராகக் கொட்டும். பார்வை மங்கும். கறுப்பு முழியில் வெள்ளைப் புள்ளி தெரியலாம். பெரும்பாலும் ஒரு கண்ணில்தான் வரும். லென்ஸைக் கழற்றிய பிறகும் வலி குறையாமல் கூடிக்கொண்டே போனால் அது அபாய மணி.

சில சொட்டு மருந்துகளில் 'ஸ்டீராய்டு' கலந்திருக்கும். விட்டவுடன் சிவப்பு குறையும், குணமானது போலத் தெரியும். உள்ளே புண் இருந்தால் கிருமிக்குத் தீனி போட்ட மாதிரி ஆகிவிடும். டாக்டர் எழுதிக் கொடுக்காமல் இதைத் தொடவே கூடாது.

கைவைத்தியமும் வேண்டாம். கை கால் முறிந்தால் பக்கத்தில் உள்ள புத்தூருக்குக் கட்டுப் போடப் போவது இந்தப் பகுதி வழக்கம். கண்ணுக்கு அந்த மாதிரி எதுவும் கிடையாது. தாய்ப்பால், விளக்கெண்ணெய், நந்தியாவட்டைச் சாறு என்று எதையும் விடாதீர்கள். ஏற்கனவே கீறல் விழுந்த கண்ணில் புதுக் கிருமியை நாமே கொண்டுபோய் விடுவதுதான் மிச்சம்.

கரும்பு, நெல் விளையும் ஊர். கூடுதல் கவனம் தேவை

நம் பக்கத்தில் கருவிழிப் புண்ணுக்கு முதல் காரணம் லென்ஸ் கிடையாது. கழனியில் படும் அடிதான். மதுரை அரவிந்த் கண் ஆஸ்பத்திரியில் 1994-ல் 3 மாதத்தில் கருவிழிப் புண்ணோடு வந்த 434 பேரை ஆராய்ந்தார்கள். சுமார் 65 சதவீதம் பேருக்கு அதற்கு முன்னால் கண்ணில் அடிபட்டிருந்தது. நெல் உமி, கரும்புத் தோகை பட்டால் பூஞ்சை சுலபமாக உள்ளே போகும்.

திருவாலங்காடு சர்க்கரை ஆலையை நம்பிக் கரும்பு போடும் ஊர்கள் இங்கே நிறைய. பள்ளிப்பட்டு, ஆர்.கே.பேட்டை, பொதட்டூர்பேட்டை பக்கம் விசைத்தறிப் பஞ்சுத் தூசு. அம்மா அப்பாவுக்கு உதவியாகக் கழனிக்கோ தறிக்கோ போகும் காலேஜ் பிள்ளைகள் லென்ஸைக் கழற்றி வைத்துவிட்டு கண்ணாடி போட்டுக்கொண்டு போவதே நல்லது. கண் டாக்டரிடம் போகும்போது, "நான் லென்ஸ் போடுவேன்" என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கிருமி எது என்று தேடுவதற்கு அது பெரிய துப்பு.

ஆடிக்கிருத்திகைக்கு வருகிறவர்களுக்கும் இதே புத்திமதிதான். சரவணப்பொய்கையில் முழுக்குப் போட்டுவிட்டு காவடி எடுத்து மலை ஏறுகிறார்கள். லென்ஸோடு குளத்தில் முங்கக் கூடாது. டிசம்பர் 31 படித்திருவிழாவுக்கு ராத்திரி தங்குகிறவர்கள் மண்டபத்தில் படுக்கும் முன் லென்ஸைக் கழற்ற வேண்டும். வெளியூர் கிளம்பும்போது லென்ஸ் டப்பா, திரவம், பழைய பவர் கண்ணாடி மூன்றையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள். டப்பா இல்லாததால்தான் பாதிப் பேர் அப்படியே தூங்கிவிடுகிறார்கள்.

கல்யாணப் பெண்ணுக்கு...

* கல்யாணத்துக்கு ஒரு மாதம் முன்பே கண் டாக்டரிடம் அளவு பார்த்து வாங்குங்கள். முகூர்த்தத்தன்று முதல் தடவையாகப் போடாதீர்கள்.

* ஒரு நாள் போட்டுத் தூக்கிப் போடும் லென்ஸ் 2 ஜோடி வாங்குங்கள். வரவேற்புக்கு ஒன்று, முகூர்த்தத்துக்கு ஒன்று. ராத்திரி கழற்றி எறிந்துவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம்.

* லென்ஸ் போட்ட பிறகுதான் மேக்கப். கழற்றும்போது முதலில் லென்ஸ், பிறகு மேக்கப்.

* மருதாணி வைப்பதற்கு முன்பே லென்ஸைக் கழற்றிவிடுங்கள். ஈர மருதாணி கையால் கண்ணைத் தொட முடியாது.

* ராத்திரி கழற்றச் சொல்லி ஞாபகப்படுத்த அக்காவையோ அத்தையையோ பொறுப்பாகச் சொல்லி வையுங்கள்.

* ஹோமப் புகையில் கண் எரிந்தால் கசக்காதீர்கள். எரிச்சல் நிற்காவிட்டால் லென்ஸை எடுத்துவிடுங்கள்.

தினமும் போடுகிறவர்களுக்கு...

* கையை சோப்பு போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்துவிட்டு லென்ஸைத் தொடுங்கள்.

* குழாய்த் தண்ணீர், கேன் தண்ணீர், எச்சில் எதுவும் லென்ஸில் படக்கூடாது.

* டப்பாவில் பழைய திரவத்தின் மேலேயே புதுசை ஊற்றாதீர்கள். தினமும் கொட்டிவிட்டு புதிதாக ஊற்றுங்கள். டப்பாவை 3 மாதத்துக்கு ஒரு முறை மாற்றுங்கள்.

* ரெயிலில் தூங்கும் பழக்கம் இருந்தால் ரெயிலில் கண்ணாடி, காலேஜ் போய் லென்ஸ்.

தவறித் தூங்கிவிட்டால்?

எழுந்தவுடன் பிடித்து இழுக்காதீர்கள். லென்ஸ் கருவிழியோடு ஒட்டியிருக்கும், இழுத்தால் தோலும் சேர்ந்து வரும். லென்சுக்கான ஈரச் சொட்டு மருந்தை விட்டு, சில நிமிஷம் கண்ணை இமைத்து, லென்ஸ் நகர ஆரம்பித்ததும் மெதுவாக எடுங்கள். அன்று முழுக்க கண்ணாடிதான்.

சிவப்பு, வலி, மங்கல், வெளிச்சம் கூச்சம், இதில் எது இருந்தாலும் அன்றைக்கே கண் டாக்டரிடம் போய்விட வேண்டும். "முகூர்த்தம் முடியட்டும், மறுவீடு முடியட்டும்" என்று தள்ளிப்போட்டால் கண் காத்திருக்காது. கழற்றிய லென்ஸையும் டப்பாவையும் தூக்கி எறியாமல் கையோடு எடுத்துப் போங்கள். அதில் இருந்தே கிருமியைக் கண்டுபிடிக்க முடியும். புண் என்று தெரிந்தால் அதில் லேசாகச் சுரண்டி எடுத்து பரிசோதனைக்கு அனுப்புவார்கள். ராத்திரி பகல் பார்க்காமல் மணிக்கு ஒரு தடவை சொட்டு மருந்து விட வேண்டி வரும். குணமானாலும் தழும்பு நடுவில் விழுந்தால் பார்வை மங்கலாகவே நின்றுவிடும். அதற்குப் பிறகு கண் தானம் கிடைத்து, கருவிழி மாற்றினால்தான் உண்டு.

எங்கே போவது?

முதலில் திருத்தணி அரசு ஆஸ்பத்திரியிலோ பக்கத்தில் உள்ள கண் டாக்டரிடமோ காட்டலாம். பெரிய சிகிச்சை வேண்டும் என்றால், 1819-ல் தொடங்கிய சென்னை எழும்பூர் அரசு கண் ஆஸ்பத்திரி இருக்கிறது. ரெயில் ஏறினால் போய்விடலாம். நுங்கம்பாக்கத்தில் சங்கர நேத்ராலயா இருக்கிறது. ஆந்திர எல்லையில் இருப்பவர்களுக்குத் திருப்பதி கிட்டம். எங்கே போவது என்று குழப்பம் இருந்தால் அரசின் 104 மருத்துவ உதவி எண்ணில் கேட்கலாம்.

'கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்' என்பார்கள். இங்கே செய்ய வேண்டியது ரொம்பச் சின்ன வேலைதான். படுக்கும் முன் 2 நிமிஷம், கையைக் கழுவி லென்ஸைக் கழற்றுங்கள்.